சால்வோவின் பியர்

வியா மக்வேதா என்கிற தெருவில் பின்னேரம் ஆறு மணியளவில் ஒரு தகப்பன் தன் மகனுக்குப் பியர் ஊற்றிக் கொடுப்பான். மகனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். நடைபாதையில் போட்ட சின்ன மேசையில் கிளாசோடு கிளாசை முட்டிவிட்டு, உருளைக்கிழங்குப் பொரியலைக் கொறித்தபடி, காற்பந்தைப் பற்றியோ வீட்டில் இருக்கும் தாயின் வாயைப் பற்றியோ கதைத்துச் சிரிப்பார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து இருபத்தெட்டு வருடம். இந்த நாட்டின் எத்தனையோ விசித்திரங்கள் எனக்குப் பழகிவிட்டன. சவப்பெட்டியைத் தூக்கும்போது கை தட்டுகிறார்கள், பழகிவிட்டது. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் படுக்கிறார்கள், அதுவும் பழகி இப்போது நானும் படுக்கிறேன். இந்தத் தகப்பனும் மகனும் மட்டும் பழகவில்லை. வேலை முடிந்து வரும்போது அவர்களைக் கண்டால் என் கண் தானாக நிலத்துக்குப் போய்விடும். முன்பெல்லாம் கூச்சத்தால் போனது, இந்த ஆறு வருடமாகப் பொறாமையால் போகிறது.

நான் வீடு துடைக்கிறவன். யாழ்ப்பாணத்திலிருந்து இதை வாசிக்கிறவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் ஒழுங்கையில் எழும்பியிருக்கும் மாடிவீடுகளில் பாதி, இப்படித் துடைத்த கைகளால் எழும்பியவைதான். பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கத்தில் மூன்று வீடுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. குழாயின் முன்பக்கத்தை எவனும் துடைப்பான், நான் பின்பக்கத்தையும் துடைப்பேன். ஒரு வீட்டுக்காரச் சிஞ்ஞோரா தன் சிநேகிதிகளைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் என் வேலையைக் காட்டியிருக்கிறாள். நான் குடியிருப்பது கபோ என்கிற பகுதியில், சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில். இரண்டு அறைகள். ஒன்று நானும் மனைவி ஜெயந்தியும் படுத்த அறை, மற்றது பிள்ளைகளுடையது. ஆறு வருடத்துக்கு முன், ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இங்கிலாந்தின் கதவு மூடப்போகிறது என்று எல்லாரும் அடித்துப் பிடித்து ஓடியபோது, ஜெயந்தியும் மகன் ஆரூரனும் மகள் ஆரணியும் இத்தாலியக் கடவுச்சீட்டோடு கொவென்ட்ரிக்குப் போனார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தால்தான் படிப்பு என்பது எங்கள் ஆட்களின் வருத்தம், எங்கள் வீட்டுக்கும் தொற்றியது. எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருட வேலை பாக்கியிருந்தது. முடித்துக்கொண்டு வருகிறேன் என்றேன். கதவு மூடிவிட்டது, வேலை இன்னும் முடியவில்லை.

மகனோடு நான் தொலைபேசியில் கதைப்பது இரண்டு நிமிடம். "சாப்பிட்டியோ?" "ஓம் அப்பா." "வேலை எப்பிடி?" "பரவாயில்லை." "குளிரோ?" "ஓம். அம்மாட்டைக் குடுக்கிறன்." அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் இங்கே பிறந்து வளர்ந்த பதினேழு வருடமும் நான் விடியக் கிளம்பி, பொழுதுபட்ட பிறகு வந்தேன். அவனை வளர்த்தது ஜெயந்தியும் இந்தத் தெருவும்தான். அப்போது எங்களுக்குக் கதைக்க நேரமிருக்கவில்லை. இப்போது நேரம் இருக்கிறது, கதை இல்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைபேசித் திரையில் அவன் முகத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை வாளி தெரிந்தது. இறுக மூடிய வாளி, மூடியில் வளைந்து நிற்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். வாளி என்றால் என் கண் விடாது, தொழில் அப்படி. "அதென்னடா வாளி? வீடு ஒழுகுதோ?" என்றேன். "ஒண்டுமில்லை அப்பா" என்று கைபேசியைத் திருப்பினான். பின்னாலிருந்து ஆரணி கத்தினாள்: "பொய்! அண்ணா பியர் காய்ச்சிறார் அப்பா! வீடு முழுக்க மணக்குது!" அவன் முகம் சுருங்கிப்போனது. நான் ஏச வேண்டிய இடம் அது. அந்த இடத்துக்கு என்ன வசனம் என்பது ஒரு யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்குப் பிறவியிலேயே தெரியும். வாய்வரைக்கும் வந்தது. ஏசினால் அவன் "அம்மாட்டைக் குடுக்கிறன்" என்பான் என்பதும் தெரியும். "அது என்னெண்டு செய்யிறது?" என்று கேட்டுவிட்டேன்.

பதினொரு நிமிடம் கதைத்தான். முளைவிட்ட பார்லியிலிருந்து எடுத்த மோல்ட் என்கிற பாகு, அதைக் கசக்கவைக்கும் ஹொப்ஸ் என்கிற பூ, இரண்டையும் கரைத்து வைத்தால் தின்று வளரும் ஈஸ்ட். தமிழ் போதாத இடத்தில் இத்தாலியத்தையும் ஆங்கிலத்தையும் ஒட்டுப்போட்டுக் கதைத்தான். "அது உயிருள்ள சாமான் அப்பா. குளிர் கூடினால் படுத்திடும், சூடு கூடினால் அதுக்கு விசர் பிடிச்சிடும்." கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். என் மகன் கதைக்கும்போது கையை ஆட்டுவான் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். கடைசியில் தானாகவே இன்னொன்றும் சொன்னான். பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவனின் கலியாணத்துக்கு மாசி மாதம் பலேர்மோ வருகிறான், நாலு நாள். சிநேகிதன் வீட்டில் நிற்பான். "உங்களுக்கேன் கரைச்சல்" என்றான். பெற்ற தகப்பன் வீட்டில் நிற்பது என்ன கரைச்சல் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அந்த நாலு நாளில் ஒரு பின்னேரமாவது அவன் என் முன்னால் கதிரையில் இருந்து, கையை ஆட்டிக் கதைக்க வேண்டும். அதற்கு என்னிடம் இருந்த ஒரே வழி பியர்.

எனக்கும் என் அப்பாவுக்கும் அப்படி ஒரு பின்னேரம் வாய்க்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒருநாள், சிநேகிதன் ஒருவனோடு முதல்முதலாகத் தவறணைக்குப் போனேன். உள்ளே வாங்கில் அப்பா இருந்தார். கையில் பனையோலைப் பிளாவில் கள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் காணாத மாதிரிக் குடித்தார், நான் வராத மாதிரித் திரும்பினேன். அதன் பிறகு வீட்டில் இருவரும் முன்னரைவிட மரியாதையாக இருந்தோம். மகன் குடிப்பது தகப்பனுக்குத் தெரியும், தகப்பன் குடிப்பது மகனுக்குத் தெரியும், ஆனால் ஒருவர் முன்னால் ஒருவர் குடிக்கக்கூடாது. எங்கள் ஆட்களின் ஒழுக்கம் அவ்வளவுதான், அதை மீறத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்காமல் நான் இங்கே அடைபட்டுக் கிடந்த காலத்தில் அப்பா போய்விட்டார். அன்றைக்கு அந்த வாங்கில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

பொலிதேயாமாவுக்குப் பின்னால் ஒரு கடையில் வைன் செய்யும் சாமான், எண்ணெய்த் தகரம், தக்காளி அரைக்கும் மெஷின் எல்லாம் விற்பார்கள். பியர் செய்யும் சாமான் வேண்டும் என்றேன். கடைக்காரர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "உன் முதலாளிக்கு எந்த மாதிரிப் பியர் பிடிக்கும்? வெளிறியதா, கறுப்பா?" என்று கேட்டார். "பெர் மே" என்றேன், எனக்குத்தான் என்று. "சரி, சரி. அவரிடம் வெப்பமானி இருக்கிறதா?" என்றார். இன்னொரு முறை சொன்னேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நல்ல மனுசன்தான். என்னைப்போல ஒருவன் அந்தக் கடைக்கு யாரோ எழுதித் தந்த துண்டோடு மட்டுமே வந்து பழக்கம், அவர் என்ன செய்வார். மூன்றாம் முறை சொல்ல எனக்கு அலுத்துப்போனது. "வெளிறியது" என்றேன். குழாய் வைத்த வாளி, பாகுத் தகரம், ஈஸ்ட், போத்தல்கள், மூடி அடிக்கும் கருவி எல்லாம் எடுத்து வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தூள் பைக்கற்றைத் தூக்கிக் காட்டி, வாளி கழுவுவதற்கு இதைத்தான் பாவிக்க வேண்டும் என்று அவரிடம் சொல் என்றார். செய்முறைத் தாளை மடித்து, "இதையும் அவரிடம் கொடு" என்றார். அந்த இல்லாத முதலாளிக்காக நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளைத்தூளை மேசை லாச்சிக்குள் எறிந்தேன். கழுவுவதற்கு எனக்கொருவன் சொல்லித் தருவதா? சனிக்கிழமை மத்தியானம் வாளியைக் குளியல் தொட்டிக்குள் வைத்து, எங்கள் தொழிலின் தீர்த்தமான கந்தெஜ்ஜீனாவை, அதுதான் குளோரின் நாறும் அந்த வெளுப்புத் தண்ணீரை, தாராளமாக ஊற்றித் தேய்த்தேன். போத்தல்களையும் அதில் ஊறப்போட்டேன். வெள்ளை வாளி நீலம் பாரிக்கும் அளவுக்கு வெளுத்தது. பிறகு பாகைச் சுடுதண்ணீரில் சீனியோடு கரைத்து, குழாய்த் தண்ணீர் விட்டு நிரப்பி, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடினேன். வீட்டில் குளிர்ச்சியான இடம் பிள்ளைகளின் அறைதான், வடக்குப் பார்த்தது. இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு வாளியை வைத்தேன். அடுத்தநாள் காலை தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்கும்போது அந்த அறையிலிருந்து "குளுக்" என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொன்று. ஈஸ்ட் விடுகிற காற்று மூடியிலுள்ள குழாயில் நிற்கும் தண்ணீருக்குள்ளால் வெளியே வருகிற சத்தம். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த அறையில் ஒரு சீவன் மூச்சு விடுகிறது. அன்றிலிருந்து அந்தக் கதவை நான் சாத்தவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் ஆரூரனின் கட்டிலில் இருந்து சாப்பிட்டேன். வேலைக்குப் போகும்போது வாளிக்கு "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். வெட்கம்தான், ஆனால் தனியாக இருக்கிறவர்களுக்கு இது விளங்கும்.

செய்தது சரியோ பிழையோ என்று ஆரூரனிடம் கேட்க வேண்டும். நான் பியர் செய்கிறேன் என்று பெற்ற பிள்ளைக்கு எந்த வாயால் சொல்வது? கடைக்காரர் உண்டாக்கிய முதலாளிதான் கைகொடுத்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு இத்தாலியன், சால்வோ எண்டு, பியர் செய்து பாக்கிறான். உன்னட்டை ரெண்டு விசயம் கேக்கச் சொன்னவன்" என்றேன். ஆரூரன் உற்சாகமாகிவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சால்வோவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சத்தம் நின்றுவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டதா, போத்தலுக்கு எவ்வளவு சீனி, எத்தனை கிழமை வைத்திருப்பது. சில நாள் நான் வாய் திறக்கும் முன்பே, "சால்வோவின்ரை பியர் என்ன மாதிரி?" என்று அவனே கேட்டான். அப்பா எப்படி என்று அவன் கேட்டதில்லை. இல்லாத அந்தச் சால்வோமீது எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

போத்தலில் அடைத்து மூன்று கிழமை கழித்து, சூசையைக் கூப்பிட்டேன். சூசை மன்னாரான், பக்கத்துக் கோயிலையும் பாதிரியார் வீட்டையும் துடைக்கிறவன். நான் சைவம், அவன் கத்தோலிக்க வேதம், கந்தெஜ்ஜீனா இரண்டு பேருக்கும் பொது. நுரை நன்றாகத்தான் வந்தது. ஒரு வாய் குடித்தான். கிளாசைக் கீழே வைத்தான்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. இது ஆஸ்பத்திரி."

"என்னடாப்பா சொல்லிறாய்?"

மறுபடி கிளாசை மணந்தான். பிறகு தன் உள்ளங்கையை மணந்தான். "இது எங்கடை கையெல்லோ மணக்குது, அண்ணை" என்றான்.

நானும் என் கையை மணந்தேன். உண்மைதான். இருவரும் சிரித்தோம், ஆனால் கனநேரம் சிரிக்க முடியவில்லை. அவன் போனதும் அத்தனை போத்தலையும் குசினித் தொட்டியில் ஊற்றினேன். இருபத்தெட்டு வருடமாக மற்றவர்களுடைய வீட்டில் நான் விட்டுவிட்டு வருவதாக நினைத்த மணம், என் பிள்ளைக்கென்று செய்த ஒரே சாமானுக்குள்ளும் போய் இருந்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. தொட்டியைத் துடைக்கக்கூட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சால்வோ தன் பிழையை ஒப்புக்கொண்டான். "வாளியைக் கந்தெஜ்ஜீனா போட்டுக் கழுவினவனாம்" என்றேன்.

"அப்பா, ஆராவது பியர் வாளியைக் கந்தெஜ்ஜீனா போட்டுக் கழுவுவினமோ? சால்வோ என்ன வேலை செய்யிறவர்?"

"அது... ஒபிசிலை."

"ம்ம்" என்றான். நீளமான ஒரு ம்ம். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினான். கந்தெஜ்ஜீனா ஒரு துளி மிஞ்சினாலும் பியரில் ஆஸ்பத்திரி மணம் ஏறும், குழாய்த் தண்ணியிலும் குளோரின் உண்டு, போத்தல் தண்ணி பாவிக்கச் சொல்லுங்கோ. "கடைக்காரன் ஒரு வெள்ளைத்தூள் குடுத்திருப்பான். அதை எங்கை எறிஞ்சு வைச்சிருக்கிறார் எண்டு கேளுங்கோ." கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவன் குரல் கேட்கும்போதே லாச்சியைத் திறந்தேன்.

அந்தப் போத்தல்களில் மணம் போகாது என்று எனக்கு ஒரு பயம். எல்லாவற்றையும் தெருவில் கண்ணாடி போடுகிற குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, சந்தைக்குள் இருக்கும் பாரில் வெறும் பியர்ப் போத்தல் கேட்டு, இரண்டு பை நிறையத் தூக்கிக்கொண்டு வந்தேன். நடக்க நடக்க அவை கிளிங் கிளிங் என்று முட்டிக்கொண்டன. வழியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "சுகமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் போனார். சுகம் கேட்ட அந்தக் குரலிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்து மூன்று மாடி ஏறி முடிய முன்னரே செய்தி கொவென்ட்ரி போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, கேக்கிறதுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் குடிக்கத் துவங்கிட்டியளோ?" ஜெயந்தி கேட்டாள். "ரெண்டு பை வெறும் போத்தலாம். பட்டப்பகலிலை."

"அது சால்வோவின்ரை."

"ஆர் சால்வோ?"

"ஒரு சிநேகிதன்."

"போத்தல் காவுற சிநேகிதமோ?" என்று கேட்டவள் அழத் தொடங்கினாள். "உங்களைத் தனிய விட்டிட்டு வந்தது என்ரை பிழை. எல்லாரும் சொன்னவை, நான் கேக்கேல்லை."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பியர் காய்ச்சுகிறேன் என்றால் குடித்ததைவிடக் கேவலம் என்பாள். மகனுக்காக என்றால் அவனையும் சேர்த்து ஏசுவாள், அவனுடைய வாளிக்கும் வீட்டில் இடமிருக்காது. நான் பேசாமல் இருந்ததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். மூக்கைச் சீறிவிட்டுச் சொன்னாள்: "ஆரூரனை உங்களோடைதான் நிக்கச் சொல்லியிருக்கிறன். வந்து பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லுவான்." ஆசைப்பட்டது நடக்கப்போகிறது. ஆனால் என் மகன் என்னை வேவு பார்க்க வருகிறான்.

வெள்ளைத்தூள் போட்டு, போத்தல் தண்ணீர் ஊற்றி இரண்டாவது வாளி செய்தேன். மாசிக்குள் அது போத்தலில் தெளிந்துவிட்டது. சத்தம் இல்லாமல் இருக்க ஏலாமல் மூன்றாவதும் வைத்தேன். ஆரூரன் வியாழன் மத்தியானம் வந்தான். தாடி விட்டிருந்தான். தாய் சொல்லிவிட்டபடி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தான், தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தான், என் கண்ணையும் ஒருமுறை உற்றுப் பார்த்தான். பிறகு பையை வைக்கத் தன் அறைக்குப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் வாளி "குளுக்" என்றது. சுவரோரம் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒளித்துவைக்க வேண்டும் என்று ஒரு கிழமையாக நினைத்தேன், செய்யவில்லை. கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேனோ தெரியாது.

"சால்வோ இஞ்சையோ இருக்கிறார்?" என்றான்.

"அவன்ரை வீட்டிலை இடமில்லை. அதாலை இஞ்சை வைச்சிருக்கிறான்."

குந்தியிருந்து குழாயைப் பார்த்தான். ஒரு போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடியில் படிந்திருந்த மண்டியைப் பார்த்தான். "வாளியை நல்ல துப்பரவா வைச்சிருக்கிறார்" என்றான். அவன் வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினி மேசையில் இரண்டு கதிரைகளை எதிரெதிராகப் போட்டேன். சந்தையில் கடலைமாவில் பொரித்த பனெல்லே வாங்கி வைத்திருந்தேன். ஒரு போத்தலைத் திறந்து, மண்டி கலங்காமல் மெதுவாக ஊற்றி, நுரையோடு கிளாசை அவன் முன்னால் வைத்தேன். "சால்வோ தந்தவன். உனக்கெண்டு." நாலு மாதமாக நான் ஆசைப்பட்ட இடத்தில் என் மகன் இருந்தான். கிளாசைத் தொடவில்லை.

"அப்பா, உங்களுக்கு முன்னாலை நான் குடிக்கமாட்டன்."

"ஆர் சொன்னது, குடிக்கக்கூடாதெண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. என்னாலை ஏலாது."

இந்தத் தெருவில் பிறந்தவன். பதினைந்து வயதில் இதே சந்தையில் சிநேகிதர்களோடு ஒரே போத்தலை மாற்றி மாற்றிக் குடித்தவன், எனக்குத் தெரியும். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க அவனுக்கு இன்னும் தடுமாறும். எங்கள் பழக்கம் எதையும் நான் அவனுக்கு இருந்து சொல்லிக் கொடுத்ததில்லை. போயும் போயும் இதுவா தொற்ற வேண்டும்? எனக்குக் கோபம் வந்தது, அவன்மீதில்லை. கிளாசில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் இரண்டு நாளில் அவன் போய்விடுவான்.

அவன்தான் எழும்பினான். இன்னொரு போத்தலைத் திறந்து, கடைசி மண்டியை விட்டு அளவாக ஊற்றி, என் முகத்தைப் பார்க்காமல் என் முன்னால் வைத்தான். தன் கிளாசை எடுத்துக்கொண்டான். "நீங்கள் இஞ்சை இருங்கோ. நான் வெளியிலை நிக்கிறன்" என்று பல்கனிக்குப் போய், பெர்சியானா என்கிற அந்தப் பச்சைப் பலகைக் கதவை இழுத்துச் சாத்தினான். அவன் ஒரு வாய் விழுங்குவது கேட்டது. நானும் குடித்தேன். கசப்பும் கொஞ்சம் இனிப்புமாக, ஆஸ்பத்திரி மணம் இல்லாமல், பியர் பியராக இருந்தது.

"அப்பா."

"ம்."

"நல்லா வந்திருக்கு."

"சால்வோட்டைச் சொல்லுறன்."

கதவுக்கு அந்தப் பக்கம் சிரித்தான். முகம் தெரியாததால் பிறகு கதை தானாக வந்தது. கொவென்ட்ரியில் பின்னேரங்களில் அம்மா வேலைக்குப் போய்விடுவாள், ஆரணி காதில் எதையோ செருகிக்கொண்டு படிப்பாள், வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது, தெருவிலும் இருக்காது என்றான். "அங்கை ஒருத்தரும் பல்கனியிலை நிண்டு கத்தமாட்டினம் அப்பா. வாளி வைச்சதே அந்தக் குளுக் குளுக் கேக்கத்தான்."

"எனக்கும் அதுக்குத்தான்" என்றேன். சால்வோவைச் சொல்ல மறந்துபோனேன். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அம்மாட்டை என்ன சொல்லப்போறாய்?" என்றேன்.

"குடிக்கிறேல்லை எண்டு சொல்லுவன்." யோசித்தான். "நல்ல சிநேகிதன் ஒராள் இருக்கிறார், அப்பா தனிய இல்லை எண்டும் சொல்லுவன். அம்மா நித்திரை கொள்ள வேணுமெல்லோ."

அப்போது எதிர்ப் பல்கனியில் சிஞ்ஞோரா பீனா துணி எடுக்க வந்தாள். அவளுக்கும் எனக்கும் இத்தனை வருடத்தில் வணக்கம் தாண்டிப் பேச்சில்லை. அவளுடைய இரண்டு பெடியளும் வடக்கே தூரினில் வேலை செய்கிறார்கள். "ஆரூ! ஷின்னிஸ்தி?" என்று தெருவுக்குக் குறுக்காகக் கத்தினாள். இறங்கி வந்துவிட்டாயா என்று அர்த்தம். வடக்கே பிழைக்கப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இந்த நகரத்துத் தாய்மார் கேட்கிற கேள்வி அது. என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. நான் இறங்கியவன் இல்லை, வந்தவன். ஆரூரன் அவளுக்கு அந்தத் தெருவின் பேச்சிலேயே பதில் சொன்னான். எனக்கு அதில் பாதிதான் பிடிபடும். எத்தனை நாள் என்றாள். நாலு நாள் என்றான். "என்னுடையவன்களும் அப்படித்தான், ஊர் என்றால் நாலு நாள்" என்று அலுத்துக்கொண்டாள். அப்பா எங்கே என்று கேட்டாள். உள்ளே என்றான். அவள் எங்கள் சாத்திய கதவைப் பார்த்து எனக்கென்று குரலை உயர்த்தினாள்: "பாச்சியென்ஸா, சிஞ்ஞோரே! பிள்ளைகள் மேலே வடக்கில், நாங்கள் இங்கே!" பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், என்ன செய்வது என்கிறாள். கையில் பியர் இருந்தது, கதவைத் திறந்தால் மகன் கண்டுவிடுவான். இருந்த இடத்திலிருந்தே "சி, சிஞ்ஞோரா" என்று ஆமோதித்தேன்.

இருபத்தெட்டு வருடமாக, என்றைக்காவது ஊருக்குப் போய்விடுவேன் என்று இருக்கிறவன் நான். இங்கே என் மகனுக்கு ஊராகவும், அவன் விட்டுவிட்டுப் போன தகப்பனாகவும் எப்போது ஆனேன் என்று தெரியவில்லை. பலகை இடுக்குகளுக்குள்ளால் ஆரூரன் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தான். கிளாசைக் கம்பிமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி, பீனாவோடு சத்தமாகச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான். பல்கனியில் அவன் தன்னுடைய ஊரில் நின்றான். குசினியில் நான் அந்நிய நாட்டில் இருந்தேன். நடுவில் இருந்த கதவைத் திறக்க இரண்டு பேருக்கும் ஏலவில்லை.